எதிரணி ரசிகர் எழுதும் நக்கல் சீசன் கணிப்பை பேஸ்பால் ரசிகர்களாகிய நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: அலுவலகத்தில் நியூயார்க் அணியான யாங்கீஸின் ரசிகர் ஒருவர் ஒவ்வொரு மார்ச்சிலும் மற்ற அணிகள் எப்படி மண்ணைக் கவ்வப்போகின்றன என்று நக்கலாக எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறார். உங்கள் அணியைப் பற்றிய பத்தியைப் படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை, மேலிடத்தில் சொல்லலாமா என்று யோசிக்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். பதில் எழுதுங்கள்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும், கூட வேலை செய்பவர்களோடு பேசிப் பேசி ஒரு அணியைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் பிடித்த அணி என்றால் கிண்டல் இன்னும் சுருக்கென்று தைக்கும். பிறந்ததிலிருந்து ரசிகராக இருப்பவருக்கு அப்பாவும் தாத்தாவும் அதே வசையை வாங்கியிருக்கிறார்கள் என்ற துணை உண்டு. நமக்கு அது கிடையாது.

நான் பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் ரசிகன். இருப்பது கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டு பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் மென்பொருள் வேலைக்காக வந்து குடியேறிய தமிழர்கள் இங்கே நிறைய. பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் இருக்கும் மாநிலம் என்பதால் ஒரு வீட்டு வாசலில் ரெட் சாக்ஸ் கொடி, எதிர்வீட்டில் யாங்கீஸ் கொடி. நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்கும் ரசிகர்கள் உண்டு, அவர்கள் பெரும்பாலும் கொடி வைப்பதில்லை.

நான் வந்த காலத்தில் யாங்கீஸ் ரசிகர்கள் எங்களைப் பார்த்தாலே 'நைன்டீன் எய்ட்டீன்' என்று ராகம் போட்டுக் கத்துவார்கள். ரெட் சாக்ஸ் 1918இல் உலகத் தொடர் பட்டம் வென்றது. 1920 ஜனவரியில் தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகு 2004 வரை பட்டமே இல்லை. நடுவில் 1978இல் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன், 1986இல் மெட்ஸுக்கு எதிராக எங்கள் ஆள் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போன பந்து, 2003இல் ஏழாம் ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரோன் பூன் அடித்த ஹோம் ரன். கடைசியாகச் சொன்னதை நான் நேரலையில் பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். அதனால் கிண்டல் வலிக்காது என்றெல்லாம் நான் உபதேசம் செய்யப்போவதில்லை. வலிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அணியின் நான்காவது பிட்சர் (பந்து வீசுபவர்) யார், போன ஆகஸ்டில் அவர் எந்த ஆட்டத்தில் சொதப்பினார் என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? எதிரணி ரசிகருக்குத் தெரியும். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் கண்ணுக்கு மட்டும் பாயசத்தில் முந்திரி குறைந்தது தெரிவதைப் போல. அவ்வளவு உன்னிப்பாக உங்கள் அணியைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் கிண்டல் செய்ய முடியும். சும்மா 'உங்க டீம் குப்பை' என்பவரை விட்டுத் தள்ளுங்கள், நான் அவரைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் அலுவலக டீமில் ஒருவர் இருந்தார், யாங்கீ மைதானம் இருக்கும் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட நன்றாக மூத்தவர். உங்கள் ஆளைப் போலவே இவரும் மார்ச் கடைசியில், சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, முப்பது அணிகளுக்கும் ஆளுக்கொரு பத்தி எழுதி அனுப்புவார். 2013இல் ரெட் சாக்ஸ் பற்றி எழுதியது அவருடைய உச்சம். பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் நாங்கள் 27 ஆட்டங்களில் 20 தோற்று, கையில் இருந்த பிளேஆஃப் வாய்ப்பைக் கோட்டைவிட்டோம். ஆட்டம் நடக்கும்போதே சில பிட்சர்கள் உள்ளே உட்கார்ந்து வறுத்த கோழியும் பீருமாக இருந்தார்கள் என்று அப்புறம் பத்திரிகையில் வந்தது. 2012இல் 69 வெற்றி, 93 தோல்வி, பிரிவில் கடைசி இடம். ஆகஸ்டிலேயே கார்ல் கிராஃபோர்ட், ஜோஷ் பெக்கெட், ஏட்ரியன் கொன்சாலெஸ் மூவரையும் டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பதிலுக்கு மைக் நபோலி, ஷேன் விக்டோரினோ, ஜானி கோம்ஸ் என்று நடுத்தர விலையில் ஆட்களை எடுத்தார்கள். அவர்கள் பயிற்சி முகாமில் தாடி வளர்க்கத் தொடங்கினார்கள்.

அவர் எழுதியதன் சாரம் இது: 'கோழியும் பீரும் தீர்ந்துவிட்டதால் இந்த வருடம் கவனம் சிதறாது, 70 வெற்றி உறுதி. இந்த அணியில் அக்டோபர் வரை வளரப்போவது தாடி ஒன்றுதான்.'

நான் அன்று மாலையே யாங்கீஸுக்கு ஒரு கணிப்பு எழுதி அதே பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். வெர்னன் வெல்ஸ், டிராவிஸ் ஹாஃப்னர், ஒருகாலத்தில் எங்களிடம் இருந்த கெவின் யூக்கிலிஸ் என்று அவர்கள் சேர்த்திருந்த பழைய நட்சத்திரங்களை வைத்து, '2007இன் ஆல்-ஸ்டார் அணியை 2013இல் வாங்கிய முதல் நிர்வாகம்' என்று தொடங்கினேன். யாங்கீஸ் கேப்டன் டெரெக் ஜீட்டரின் உடைந்த கணுக்காலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. காயத்தைக் கிண்டல் செய்யக் கூடாது என்பதில் நான் கறார். வயதைச் செய்யலாம், சம்பளத்தைச் செய்யலாம், நிர்வாகத்தின் மூளையைத் தாராளமாகச் செய்யலாம்.

ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. என் மனைவியின் சித்தி மகள் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாள், ராத்திரி வரை போன் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் நான் போய் உட்காருவதற்கு முன்பே அந்த பிராங்க்ஸ்காரர் என் மேசைக்கு வந்து நின்றார். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார். நலம் என்றதும் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மார்ச்சில் அனுப்பிய ரெட் சாக்ஸ் பத்தியை யாரும் மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று அவரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்திருந்தது. அன்று ராத்திரி யாங்கீ மைதானத்தில், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும், எங்கள் ஃபென்வே மைதானத்தில் எட்டாவது இன்னிங்ஸ் நடுவே நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டைப் போட்டார்கள். யாங்கீஸ் ரசிகர்கள் பாடினார்கள். நான் அழுதேன்.

அந்த வருடம் ரெட் சாக்ஸ் 97 ஆட்டங்களை வென்றது. டெட்ராய்ட்டுக்கு எதிராக எங்கள் டேவிட் ஓர்டீஸ் அடித்த கிராண்ட் ஸ்லாம் (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) அவர்களுடைய டோரி ஹன்டரைத் தாண்டி, பிட்சர்கள் தயாராகும் புல்பென்னுக்குள் விழுந்ததும், பந்தைப் பிடிக்கப் பாய்ந்த ஹன்டர் தடுப்புக்கு மேலே தலைகீழாகப் போனதும், பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் இரு கைகளையும் தூக்கி நின்றதும் பேஸ்பால் பார்த்த எவருக்கும் மறக்காது. அக்டோபர் 30, செயின்ட் லூயிஸுக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தில் பட்டம். ஃபென்வே மைதானத்திலேயே பட்டம் வென்றது 1918க்குப் பிறகு அதுதான் முதல் முறை. யாங்கீஸ் பிளேஆஃபுக்கே வரவில்லை. மறுநாள் காலை என் மேசையில் அவருடைய மார்ச் கணிப்பு அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. 'வளரப்போவது தாடி ஒன்றுதான்' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். தோற்றுப்போன தன் வார்த்தையைத் தானே கொண்டுவந்து கொடுப்பவரைப் பற்றி நான் எந்த மேலிடத்தில் போய் என்ன சொல்வது?

உடனே ஒருவர் வந்து, 'அவர் நல்லவர், எல்லோரும் அப்படியா?' என்று கேட்பார். இல்லைதான். கணிப்பைப் படித்தாலே ஆள் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஓக்லாந்து ரசிகர்களைக் கிண்டல் செய்பவரோடு நான் பேசுவதில்லை. 2024 செப்டம்பரோடு அவர்களுடைய அணியையே ஊரைவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள், சாக்ரமென்டோவில் ஒரு சிறிய லீக் மைதானத்தில் ஆடவைத்துவிட்டு, லாஸ் வேகாஸில் புது மைதானம் கட்டுகிறார்கள். அங்கே உரிமையாளரை அடியுங்கள், ரசிகரை விடுங்கள். பிட்ஸ்பர்கும் அப்படித்தான். அவர்களுடைய பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 2025இல் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காமல் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், அவருடைய கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. 'ஸ்கீன்ஸ் எதிரணிக்கு ரன் கொடுக்க மாட்டார், அவருடைய அணி அவருக்குக் கொடுக்காது' என்று நான் எழுதியதைப் படித்து பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ரசிகர்களே சிரித்தார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய புலம்பல்தான்.

மெட்ஸுக்கு நான் மெனக்கெடுவதே இல்லை. பாபி போனியா அவர்களுக்கு ஆடி முடித்தது 1999இல். ஒப்பந்தப் பணத்தைக் கொடுப்பதைத் தள்ளிப்போட்டதால் 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் அவருக்குக் கிட்டத்தட்ட 11.9 லட்சம் டாலர் போகிறது. 'மெட்ஸ் சீசனில் உறுதியாக நடக்கும் ஒரே விஷயம் ஜூலை 1' என்று ஒரு வரி போதும்.

இன்னொரு விமர்சனமும் வரும்: இந்த நக்கலுக்குப் பதில் நிபுணர்களின் கணிப்பைப் படிக்கலாமே என்று. படியுங்கள், நானும் படிக்கிறேன். ஆனால் 2015இல் பேஸ்பால் பிராஸ்பெக்டஸ் என்ற ஆய்வுத் தளத்தின் பெகோட்டா என்ற கணினிக் கணிப்பு கேன்சஸ் சிட்டிக்குக் கொடுத்தது 72 வெற்றி. அவர்கள் 95 வென்று பட்டத்தையும் தூக்கினார்கள். அந்தக் கணக்கைப் போடுபவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை கடினம். 162 ஆட்டங்களை மார்ச்சில் யாராலும் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாதபோது சிரிக்கவைப்பவருக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்கிறேன். கிரிக்கெட்டை விட்டுவிட்டு இதைப் போய் எழுதுகிறாயே என்று கேட்பவர்களுக்கு: இரண்டையும் பார்க்கிறேன், யாரிடமும் எதையும் பறிக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. கனெக்டிகட்டில் இருப்பவன் மாதாமாதம் பணம் கட்டி ஒரு ஸ்ட்ரீமிங் சேவை வாங்கினால், ரெட் சாக்ஸும் தெரியாது, யாங்கீஸும் தெரியாது, மெட்ஸும் தெரியாது. மூன்றுமே 'உள்ளூர் அணி' என்று மறைத்துவிடுகிறார்கள். நான் சந்தா கட்டியதற்கு சியாட்டிலும் சான் டியேகோவும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அணியைப் பார்க்க இன்னொரு சந்தா தனியாக. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், 'ஃபென்வே உங்களுக்கு வண்டியில் போகும் தூரம்தானே சார்' என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நாலு பேர் உள்ள குடும்பம் ஃபென்வே போய்வர என்ன செலவாகும் என்று அவருக்குத் தெரியுமா? கோபம் வேண்டும் என்றால் இதில் காட்டுங்கள்.

சரி, உங்கள் விஷயம். 2005 ஏப்ரலில் ஃபென்வேயில் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர்களுக்குப் பட்ட மோதிரம் கொடுத்தார்கள். எதிரில் நின்றது யாங்கீஸ். முந்தைய அக்டோபரில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கிய நாங்கள் நான்கையும் தொடர்ந்து வென்றதற்கு வழிவிட்டது, நான்காவது ஆட்டத்திலும் ஐந்தாவதிலும் யாங்கீஸுக்கு ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர் மாரியானோ ரிவேரா காப்பாற்றாமல் விட்ட முன்னிலைதான். அவர் பெயரை அறிவித்ததும் மைதானம் முழுக்க எழுந்து, தன் சொந்த ஆளுக்குத் தட்டுவதைப் போலக் கைதட்டியது. நக்கல் என்று அவருக்குத் தெரியாதா? சிரித்தபடி ஏற்றுக்கொண்டார். நான் யாங்கீஸில் மனதார மதிக்கும் முதல் ஆள் அவர்.

இந்த மார்ச்சில் உங்கள் ஆள் அனுப்பியதும் அன்றைக்கே பதில் போடுங்கள், ஆறப்போடாதீர்கள். யாங்கீஸுக்கு வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது. 27 பட்டம் என்று தொடங்குவார், கடைசி எந்த வருடம் என்று கேளுங்கள், 2009. 2024 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஐந்துக்குப் பூஜ்யம் முன்னிலையில் இருந்தும் தோற்றதையும், ஆரோன் ஜட்ஜ் நேராகக் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டதையும், பிட்சர் கெரிட் கோல் முதல் பேஸை மூட ஓடாததையும் எழுதுங்கள். 2003இல் என்னை அழவைத்த அதே ஆரோன் பூன் 2018 முதல் அவர்களுடைய மேனேஜர், இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் அவர்களை அழவைக்கிறார் என்பதை என் சார்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் உடனே 2025 வைல்டு கார்டு தொடரை (பிளேஆஃபின் முதல் சுற்று) இழுப்பார். மாசசூசெட்ஸில் வளர்ந்த கேம் ஷ்லிட்லர் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எங்களைத்தான் வெளியேற்றினார். அது என் தலைவலி, உங்களுடையது அல்ல.

உங்கள் அணி எது என்று கேள்வியில் சொல்லவில்லை. கருத்தில் போடுங்கள், அவர் எழுதிய பத்தியையும் ஒட்டுங்கள். பதிலை நான் எழுதித் தருகிறேன்.