மலக்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்குக் காத்திருந்தால் பரவிவிடாதா?

கேள்வி: அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. சுவரைத் தாண்டிவிட்டதாம். முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சும் மாத்திரையும், அது முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் ஆபரேஷன் என்கிறது அரசு மருத்துவமனை. அதற்குள் பரவிவிடாதா? அடுத்த வாரமே ஆபரேஷன் செய்யும் இடம் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா?

பதில்: போக வேண்டாம். உங்கள் மருத்துவமனை சொன்ன வரிசைதான் சரி.

மலக்குடல் இடுப்பெலும்புக்குள் நெருக்கமான இடத்தில் இருக்கிறது. தாராளமாக ஓரம் விட்டு வெட்ட அங்கே இடமில்லை. துளி தங்கினாலும் அதே இடத்தில் மறுபடி வளரும். கதிர்வீச்சு கட்டியைச் சுருக்கும், கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை அதற்குத் துணை. ஜெர்மனியில் 800 பேருக்கு மேல் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னால் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்து ஆண்டுக்குள் 6 சதவீதம் பேருக்குத்தான் அதே இடத்தில் திரும்பியது. ஆபரேஷனுக்குப் பின் பெற்றவர்களில் 13 சதவீதம்.

கதிர்வீச்சு முடிந்த பிறகும் கட்டி வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த இரண்டு மாதமும் சிகிச்சைதான். கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்னால் போகும் வாரங்கள்தான் வீண். ஸ்கேனுக்கு ஒரு தேதி, மெஷினுக்கு ஒரு தேதி, காப்பீட்டு அனுமதிக்கு ஒரு தேதி என்று இழுத்தடித்தால் ஜனம் வேறு என்ன செய்யும்? தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

உங்கள் 'தெரிந்தவரிடம்' ஒன்று கேளுங்கள்: இடுப்பு எம்.ஆர்.ஐ. படத்தை அங்கே யார் பார்த்தார்கள்? கதிர்வீச்சு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தாரா? பதில் வராது, அட்வான்ஸ் எவ்வளவு என்பது மட்டும் வரும். அரைகுறையாக வெட்டிவிட்டு, "கதிர்வீச்சை அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அப்போது சிறுகுடல் இடுப்புக்குள் இறங்கி ஒட்டியிருக்கும். பலன் குறைவு, வயிற்றுப்போக்கும் எரிச்சலும் அதிகம். "பை போடாமல் குணமாக்குகிறோம்" (மலம் சேர வயிற்றின் மேல் வைக்கும் பை) என்ற போர்டையும் நம்பாதீர்கள். கட்டி ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தி வந்தால் குடல் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்போதும் பெரும்பாலும் கட்டியில் கை வைக்க மாட்டார்கள். குடலின் ஒரு வளைவை வயிற்றின் மேல் திறந்து, மலம் பையில் சேர வழி செய்வார்கள். அப்பா தேறியதும் கதிர்வீச்சு, அப்புறம் பெரிய ஆபரேஷன். "ஒருதரம் வயிற்றைத் திறந்தாச்சே, அப்பவே கட்டியை எடுத்திருக்கலாமே" என்று வார்டில் சண்டைக்குப் போகாதீர்கள். எடுக்காமல் விட்டது தெரிந்தே செய்தது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன் மூன்றுக்கும் வழி இருக்கிறது. நாளையே காப்பீட்டு கவுன்டருக்குப் போய், தொடங்கும் தேதியைக் கேட்டு வாங்குங்கள். தொடங்கிய பிறகு ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று அப்பா நடுவில் நான்கு நாள் லீவு கேட்பார். கொடுக்காதீர்கள்.