இரும்பு மாத்திரை மூளைக்குப் போய்ச் சேருமா?

கேள்வி: ரத்தசோகைக்கு நான்கு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது. ஆனால் இரவில் படுத்தாலே கால் குறுகுறுக்கிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. மூளைக்கு இரும்பு போதாமல் இருக்கலாம் என்கிறார் டாக்டர். ரத்தத்தில் இருப்பது மூளைக்குப் போகாதா? மாத்திரையைத் தொடர்ந்தால் மூளையில் படிந்துவிடுமா?

பதில்: போகும், ஆனால் தானாகப் போகாது. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் சுவர்ச் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. எதுவும் செல்லுக்குள் நுழைந்துதான் மறுபக்கம் போயாக வேண்டும்.

ரத்தத்தில் இரும்பு தனியாகத் திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம், ஒன்றுக்கு இரண்டு அணுக்கள் வரை, சுமந்து வருகிறது. சுவர்ச் செல்லின் ஏற்பி அதைப் பிடித்ததும் அந்த இடத்துச் சவ்வு உள்வாங்கி ஒரு சின்னப் பையாகிறது. பைக்குள் அமிலம் ஏறி பிஎச் 5.5 அளவுக்கு வந்ததும் டிரான்ஸ்ஃபெரின் இரும்பை விட்டுவிடும். ஏற்பியை மட்டும் விடாது. ரத்தப் பக்கம் திரும்பி பிஎச் 7.4-ஐத் தொட்டதும்தான் ஏற்பியையும் விட்டுவிட்டு அடுத்த சுமைக்குக் கிளம்புகிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

செல்லுக்குள் வந்த இரும்பு ஃபெரோபோர்ட்டின் என்ற வாயில் வழியே மூளைப் பக்கம் இறங்குகிறது. அங்கே செருலோபிளாஸ்மின் என்ற, செம்பு கொண்ட நொதி அதை டிரான்ஸ்ஃபெரின் பிடிக்கக்கூடிய பழைய வடிவத்துக்கு மாற்ற, மூளையின் சொந்த டிரான்ஸ்ஃபெரின் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு விடுவது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு: செல் சோதனைகளில், மூளைப் பக்கம் காலி டிரான்ஸ்ஃபெரின் இருந்தால் வரத்து கூடுகிறது, நிரம்பியது இருந்தால் குறைகிறது.

உங்கள் காலுக்கு வருவோம். அசைவைக் கட்டுப்படுத்த உதவும் மூளை ரசாயனம் டோபமைன்; அதைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். இந்தத் தொல்லை உள்ளவர்கள் சிலருக்கு, ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) சரியாக இருந்தும் மூளைத் தண்டுவட நீரில் குறைவாகவே இருந்தது. ஆகவே ஹீமோகுளோபினை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஃபெரிட்டினும், டிரான்ஸ்ஃபெரின் எத்தனை சதவீதம் இரும்பால் நிரம்பியிருக்கிறது என்பதும் பாருங்கள். இந்தக் கால் தொல்லையில், ஃபெரிட்டின் 75 மைக்ரோகிராம்/லிட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம், ரத்தசோகை இல்லாவிட்டாலும்கூட.

படியுமா என்ற பயத்துக்கு: உடலில் இரும்பு தேங்கும் பரம்பரை நோயில் ஈரலும் இதயமும் பாதிக்கப்படுகின்றன, மூளை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மூளையில் நிஜமாகவே படிவது, பிறவியிலேயே செருலோபிளாஸ்மின் இல்லாமல் போவது போன்ற சில பரம்பரை நோய்களில். அவை மிக அரிது. ஆனாலும் ஈரலை நினைத்தாவது, அளவு பார்க்காமல் மாத்திரையை நீங்களாக நீட்டிக்க வேண்டாம்.

காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் ஏறிக் காட்டும். தணிந்த பிறகு பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை ஏதும் எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில வகைகள் இந்தக் குறுகுறுப்பைக் கிளப்பிவிடும்.