கேள்வி – பதில்: மிச்சமாகும் நேரம் யாருக்கு?

கேள்வி: உழைப்பைப் போற்றுவதுதானே சோஷலிசம்? மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க், சோம்பியிருப்பது உரிமை என்று எழுதினாராமே?

– வாசகர், மதுரை

பதில்: எழுதினார். ‘சோம்பியிருக்கும் உரிமை’ 1880இல் ‘எகலித்தே’ இதழில் தொடராக வந்தது. 1883இல் பாரிஸ் சிறையில் இருந்தபோது அதற்குக் குறிப்புகள் சேர்த்தார். 1848 புரட்சியில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ‘வேலைக்கான உரிமை’ கேட்டார்களே, அதற்கு மறுப்பாகத்தான் எழுதினார்.

அவர் போட்ட கணக்கு இது. கைதேர்ந்த பெண் ஊசியால் பின்னினால் நிமிடத்துக்கு 5 கண்ணி விழும். வட்டப் பின்னல் எந்திரத்தில் 30,000 விழும். எந்திரத்தின் ஒரு நிமிடம் அவளுடைய 100 மணி நேரத்துக்குச் சமம்; நாளுக்கு 10 மணி வைத்தால் பத்து நாள் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. எந்திரத்தோடு போட்டிபோட்டு இன்னும் அதிகம் உழைத்தார்கள். சரக்கு தேங்கியதும் ஆலையை மூடினார்கள், வீட்டில் பட்டினி. அதனால்தான் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாதென்று சட்டம் கேட்டார். ஓயாத உழைப்பைப் புனிதமாக்கிய பாதிரிகளையும் பொருளியலாளர்களையும் அவர் சாடுவதில் எனக்கு முழு உடன்பாடு.

கேள்வி: சட்டம் போட்டு நேரத்தைக் குறைத்தால் போதாதா?

– வாசகி, கரூர்

பதில்: போதாது. எத்தனை மணி என்பதோடு, எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்பதையும் எழுதி வாங்க வேண்டும். பிரிட்டனின் 1847 சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் 10 மணி நேர வரம்பு வைத்தது. ஆனால் காலை 5.30 முதல் இரவு 8.30 வரை அவர்களை வேலைக்கு வைக்கலாம் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. முதலாளிகள் ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்து, இங்கே அரை மணி, அங்கே ஒரு மணி என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். ஏட்டில் 10 மணி. ஆளோ 15 மணி நேரமும் ஆலையைச் சுற்றியே கிடக்க வேண்டும். துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேரவே முடியாது; அதை ஓய்வு என்பதே அநியாயம். யார் எப்போது வேலை பார்த்தார் என்று அரசின் ஆலை இன்ஸ்பெக்டராலும் பிடிக்க முடியவில்லை. 1850 பிப்ரவரியில் நீதிமன்றமும் இந்த முறை செல்லும் என்றது.

அதே ஆண்டு வந்த புதிய சட்டம் காலை 6, மாலை 6 என்று நேரத்தைக் கட்டியது. சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி, சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு விடுப்பு. பதிலுக்கு மற்ற நாட்களின் வேலை பத்தரை மணியாகக் கூடியது. குழந்தைகளை மட்டும் காலை 5.30 முதல் இரவு 8.30 வரை என்ற பழைய விதிக்கே விட்டுவைத்தார்கள். அந்த ஓட்டையை 1853இல்தான் அடைத்தார்கள்.