ஐ.சி.யூ.வில் ஒரே ஒரு பெட், நோயாளிகள் இரண்டு பேர். முதலில் வந்தவருக்குக் கொடுப்பதுதானே நியாயம்?

இல்லை என்றுதான் சொல்வேன். காவிரி டெல்டாவில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான்.

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலை, நைட் டியூட்டி. காலியான ஒரே பெட்டை உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தோம். சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கிலேயே அவருக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 93 சதவீதத்தில் நின்றது. இருபது நிமிடம் கழித்து வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸில் ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது, சாச்சுரேஷன் 71. அவர் கணவர் மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், நாங்க ஏழு மணிக்கே கிளம்பிட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விடியும் வரை அம்பு பேக்கை, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையை, மாற்றி மாற்றி அழுத்தினோம். அந்த அம்மா பிழைக்கவில்லை.

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 'முதலில் வந்தவர்' என்றால் நடைமுறையில் பக்கத்தில் வீடு உள்ளவர், கார் வைத்திருப்பவர். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் முதலில் எட்டுகிறவர் பாய்ச்சிக்கொள்ளட்டும் என்று விட்டால் எல்லாம் தலைமடையோடு சரி, கடைமடையில் பயிர் காயும். பற்றாக்குறை வருடத்தில் முறை வைத்து விடுவது அதனால்தான்.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? தீவிர சிகிச்சை யாருக்குக் கட்டாயம் வேண்டும், கொடுத்தால் யார் பிழைப்பார் என்பதை வைத்துத்தான். நியூயார்க் மாநிலம் 2015-இல் வென்டிலேட்டர் பங்கீட்டுக்கு வெளியிட்ட நெறிமுறையில் உறுப்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று அளக்கும் சோஃபா (SOFA) மதிப்பெண் பயன்படுகிறது: நுரையீரல், ரத்த ஓட்டம், கல்லீரல், சிறுநீரகம், மூளை, ரத்தம் உறைதல் என்று ஆறு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை; மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம். 48 மணி நேரத்திலும் 120 மணி நேரத்திலும் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. இதிலும் குறை உண்டு. பல வருடமாக டயாலிசிஸில் இருப்பவருக்குப் பழைய நோயாலேயே மதிப்பெண் ஏறிவிடும். அதைக் கவனித்துத் திருத்த வேண்டும். வயதை மட்டும் பார்த்துத் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த நெறிமுறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சிகிச்சை தரும் டாக்டர் முடிவு எடுப்பதில்லை, அதற்குத் தனி ஆள் அல்லது குழு. அன்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டியூட்டி டாக்டர், சின்னப் பையன். பெட் ஒதுக்குவதும் அவர், இடமில்லை என்று சொல்வதும் அவர், நடுவில் சிபாரிசு போன்களை எடுப்பதும் அவர். விதியை முன்கூட்டியே எழுதி வாசலில் ஒட்டியிருந்தால் அந்த போன்களுக்கு அவரிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

இன்னொன்று. பெட் கிடைக்காதவரையும் கைவிடக் கூடாது. ஆக்சிஜன், மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்து, பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர், இதெல்லாம் அவருக்கும் உண்டு. அன்று அந்தக் கணவருக்கு ஒரு பி.பி.ஈ. கிட் மாட்டி உள்ளே விட்டிருக்கலாம். கோவிட் வார்டு என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.