ஏவுகணை வேலையும் விண்கல வேலையும் ஒரே ஆய்வகத்துக்கு எப்படி வந்தன?

கேள்வி இதுதான்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் அமெரிக்கக் கடற்படைக்கு ஏவுகணை வேலையும் பார்க்கிறது, நாசாவுக்கு விண்கலமும் கட்டுகிறது, ஒரு பல்கலைக்கழகத்திடம் இந்த இரண்டும் எப்படி வந்து சேர்ந்தன?

2022 செப்டம்பர் 27 அன்று, இந்திய நேரப்படி அதிகாலை 4.44 மணியை ஒட்டி, என் மடிக்கணினித் திரையில் நொடிக்கு ஒரு படமாக ஒரு கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் ஒளிப்புள்ளி, பிறகு முட்டை வடிவம், பிறகு திரை கொள்ளாமல் பாறைகள். கடைசிப் படம் ஒரு கீற்றோடு நின்றுபோனது. அதை அனுப்பிக்கொண்டிருந்த, இந்த ஆய்வகம் நாசாவுக்காகக் கட்டிய டார்ட் விண்கலம் அதற்குள் சிதறிவிட்டது. பெரிய குறுங்கோள் ஒன்றைச் சுற்றிவரும், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறு குறுங்கோளின் மீது, நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், வேண்டுமென்றே மோதவிடப்பட்ட கலம் அது. பூமியிலிருந்து ஒரு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த காரியம் என்பதால், கடைசி நான்கு மணி நேரம் யாரும் அதை ஓட்டவில்லை. எந்தப் புள்ளி அந்தப் பெரிய குறுங்கோள், எந்தப் புள்ளி தன் இலக்கு என்று பிரித்தறிந்து, அது தானே போய் இடித்தது. அந்த வழிகாட்டும் மென்பொருளின் வேர், அதே ஆய்வகம் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த ஏவுகணை வழிகாட்டல் பணியில் இருக்கிறது. கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு 1942க்குப் போக வேண்டும். வேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது பீரங்கிக் குண்டை நேரடியாகப் படவைப்பது ஏறக்குறைய முடியாத வேலையாக இருந்ததால், இலக்கின் அருகில் வந்ததும் குண்டு தானே வெடிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை விரும்பியது. மெர்ல் டூவ் என்ற இயற்பியலாளரின் தலைமையில் கார்னகி நிறுவனத்தில் தொடங்கிய இந்த ஆராய்ச்சி அங்கே அடங்காத அளவுக்குப் பெருத்தபோது, நிர்வாகப் பொறுப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஏற்றது. மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்ப்ரிங் ஊரில், பழைய கார் விற்பனைக் கடை ஒன்றின் கட்டடத்தில் ஆய்வகம் பிறந்தது. லாரல் ஊருக்கு அருகிலுள்ள இன்றைய வளாகத்துக்கு 1954இல்தான் குடிபெயர்ந்தது.

குண்டை இப்படித் தானே வெடிக்கவைக்கும் அந்த ஃப்யூஸ் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த பலவற்றுக்கு அதுவே விதை. குண்டின் மூக்கில் ஒரு சிறிய ரேடியோ பரப்பி இருக்கும். அது அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள ஒப்புமை வேகத்தால் அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அனுப்பிய அலையும் திரும்பிய அலையும் கலந்து எழும் துடிப்பு போதிய வலுவை எட்டியதும் குண்டு வெடிக்கும். பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். ஆனால், நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள்: மேசையிலிருந்து விழுந்தாலே வால்வு போய்விடும். அதைப் போன்ற கண்ணாடி வால்வுகள், பீரங்கிக் குழலிலிருந்து கிளம்பும்போது புவியீர்ப்பைப் போல் சுமார் 20,000 மடங்கு முடுக்கத்தைத் தாங்கியாக வேண்டும். மின்கலத்திலோ அந்த அதிர்ச்சியையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த கண்ணாடிக் குப்பி சுடும் அதிர்ச்சியில் உடைய, குண்டின் சுழற்சி அதிலிருந்த திரவத்தைத் தகடுகளுக்கிடையே பரப்ப, அப்போதுதான் மின்சாரமே பிறக்கும். 1943 ஜனவரியில் ஹெலீனா என்ற போர்க்கப்பல் பசிபிக் கடலில் இந்த ஃப்யூஸ் பொருத்திய குண்டைக்கொண்டு ஜப்பானிய விமானம் ஒன்றை வீழ்த்தியது.

போர் முடிந்த பிறகு டாலோஸ், டெரியர், டார்டார் எனக் கடற்படைக்கான ஏவுகணைகள் தொடர்ந்தன. 1946 அக்டோபர் 24 அன்று ஜெர்மானியர்களிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட் ஒன்றில் இந்த ஆய்வகத்தார் ஒரு கேமராவைப் பொருத்தி அனுப்ப, 100 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து பூமியின் முதல் படம் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 1957 அக்டோபரில் வருகிறது. உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறக்கத் தொடங்கிய சில நாட்களில், வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள் ஆய்வகத்திலேயே ஒரு ரேடியோ வாங்கியை வைத்து அதன் ‘பீப்’ ஒலியைக் கேட்டுப் பதிவுசெய்தார்கள். ஒலியின் சுருதி மெல்ல இறங்குவதைக் கவனித்தார்கள். தண்டவாளத்தருகே நிற்பவருக்கு, ரயில் கடந்துபோகும்போது ஊதலின் சுருதி சடாரென்று இறங்கும். தள்ளி நிற்பவருக்கு நிதானமாக இறங்கும். அந்த இறக்கத்தின் சரிவைக்கொண்டு ரயில் எவ்வளவு தூரத்தில் போனது என்று கணக்கிடலாம் அல்லவா? அதேபோல், ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி ஸ்புட்னிக்கின் சுற்றுப்பாதை முழுவதையும் அவர்கள் கணக்கிட்டுவிட்டார்கள். 1958 மார்ச்சில் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்லூர் அதே கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார்: செயற்கைக்கோளின் பாதை முன்பே தெரிந்திருந்தால், கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க முடியுமா? போலாரிஸ் என்ற அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கவிருந்த நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தாங்கள் நிற்கும் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்த காலம் அது. ரிச்சர்ட் கெர்ஷ்னர் தலைமையில் டிரான்சிட் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு உருவாகி, 1964இல் கடற்படையின் பயன்பாட்டுக்கு வந்தது. 1967இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டதால் வணிகக் கப்பல்களும் நில அளவையாளர்களும் பயன்படுத்தினார்கள்; ஜிபிஎஸ் வந்து நிலைபெற்ற பிறகு 1996இல் ஓய்வுபெற்றது. செயற்கைக்கோள் கட்டும் கைப்பழக்கம் இந்த ஆய்வகத்துக்கு அணு ஆயுதத் தேவையின் வழியாகவே வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நிர்வாக அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை அன்று. பால்டிமோரிலுள்ள அந்தத் துறை வேறு. ஆய்வகம் லாப நோக்கமற்ற தனிப் பிரிவு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ‘பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு மையம்’ என்று வகைப்படுத்தியுள்ள நிறுவனங்களில் மிகப் பெரியது. ஆயிரக்கணக்கான முழுநேர விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இங்கே வேலை செய்கிறார்கள். ஆயுத நிறுவனங்களைப் போல் பொருளைப் பெருமளவில் உற்பத்தி செய்து விற்பது இதன் வேலையில்லை. விற்கப் பொருள் இல்லாதவரிடம் ஆலோசனை கேட்டால் ஓரளவு நம்பலாம் என்பதே அரசின் கணக்கு.

செயற்கைக்கோள் கட்டிய அந்தக் கைப்பழக்கம் போன தூரத்தைப் பாருங்கள். இவர்கள் கட்டிய நியர் விண்கலம் 2001இல் ஈரோஸ் குறுங்கோளில் இறங்கியது. மெசஞ்சர் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றியது. 2006 ஜனவரியில் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தது. நம் சந்திரயான்-1 சுமந்துசென்ற மினி-சார் ரேடாரின் இறுதி ஒருங்கிணைப்பும் சோதனையும் இங்கேதான் நடந்தன. பார்க்கர் சூரிய விண்கலமும் இவர்களுடையதே. 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் அது பறந்தபோது, அதன் சூரியத் தகடுகளைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது நான்கு லிட்டருக்கும் குறைவான தண்ணீர். நம் வீட்டுக் குடத்தில் கால்வாசி கூட வராது. கலத்துக்குப் பெயர் தந்த யூஜின் பார்க்கர் 1958இல் சூரியக் காற்றைப் பற்றி எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவர் நிராகரித்தும், கணக்கில் தவறில்லை என்று அச்சேற்றிய ஆசிரியர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர்.

ஆகவே, இலக்கைத் தொலைவிலிருந்து கண்டுபிடிப்பதும், அடையும் வழியைக் கணக்கிடுவதும், கடும் அதிர்ச்சியிலும் வெப்பத்திலும் கருவியைப் பிழைக்கவைப்பதும் ஒரே வித்தைதான். அது எங்கே போகிறது என்பதைக் காசு கொடுப்பவர் தீர்மானிக்கிறார். புளூட்டோ படங்களை ரசித்த எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை.

இந்த ஆய்வகத்தைப் பற்றிக் கேட்கும் மாணவர்கள் அடுத்து வேலைவாய்ப்பைத்தான் கேட்கிறார்கள், எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பெரும்பாலான பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் அந்தப் பணிக்கான அறிவிப்பில் இந்த நிபந்தனையை முதலில் பாருங்கள்.