பீடத்திலிருந்து விரல் நீட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இராமநாதபுரம் கடற்கரையில் கத்தோலிக்க ஊர் எங்களுடையது. தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் பங்குத்தந்தை, “கடல் அட்டை கடத்தின காசில் மாடி கட்டிவிட்டு, அதே கையை நீட்டி நன்மை வாங்குகிறீர்கள்” என்று பிரசங்கம் வைத்தார். (கடல் அட்டை கடலடியில் வாழும் உயிரி, பிடிக்கத் தடை உள்ளது. நன்மை என்பது பூசையில் வாங்கும் நற்கருணை.) பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊரில் சமீபத்தில் மாடி எழும்பிய வீடு ஒன்றுதான். அந்தக் குடும்பம் பாதிப் பூசையில் எழுந்து போய்விட்டது. கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியில் படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கிறது. முந்தின நாள்தான் சாமி பாவசங்கீர்த்தனம் (தனியாக வந்து பாவங்களை அறிக்கையிடுவது) கேட்டார் என்பதால் ஊரில் வேறு பேச்சும் ஓடுகிறது. அவர்கள் மகளுக்கு மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. இப்போது பக்கத்து ஊர் பெந்தெகொஸ்து சபைக்குப் போகிறார்கள்.

“நாத்தான் தாவீதை நேருக்கு நேர் கேட்கலையா? சாமி செய்தது சரிதான்” என்கிறான் அண்ணன். “கோயிலில் வைத்து மானத்தை வாங்கலாமா” என்கிறார் அம்மா. ஊரில் சிலர் சாமியை எதிர்த்து ஆயருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். முகத்துக்கு நேரே கண்டிக்கும் பிரசங்கத்துக்குத் திருச்சபையில் இடம் உண்டா? நானும் கையெழுத்துப் போடவா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

இடம் உண்டு. உங்கள் ஊரில் நடந்ததுக்கு அந்த இடத்தைக் கொடுக்க முடியாது.

அண்ணனை 2 சாமுவேல் 12-ஐ முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். இறைவாக்கினர் நாத்தான் போனது, பிறன் மனைவியைக் கவர்ந்த அரசன் தாவீதிடம். எருசலேம் சனத்தைக் கூட்டி வைத்துப் பேசியதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. போனவர் எடுத்ததும் குற்றத்தைச் சொல்லவில்லை. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் வழக்கைச் சொல்லி, தீர்ப்பைத் தாவீதின் வாயாலேயே வரவழைத்தார். “நீயே அந்த மனிதன்” அதற்கப்புறம்தான். தாவீது “பாவம் செய்தேன்” என்றதும், ஆண்டவர் மன்னித்துவிட்டார், நீ சாகமாட்டாய் என்று கையோடு சொல்லிவிடுகிறார். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் சபை மேய்ப்பர்களுக்காக எழுதிய போப் பெரிய கிரகோரியார், செல்வாக்குள்ளவரைக் கண்டிக்க இந்த முறையைத்தான் காட்டினார்: வைத்தியர் கத்தியை மறைத்துக்கொண்டு நோயாளி பக்கத்தில் போவது மாதிரி.

இன்னொன்றும் கவனியுங்கள். விவிலியத்தில் இப்படிப்பட்ட பேச்சு பெரும்பாலும் கீழிருந்து மேலே போகிறது. நாத்தான் அரசனிடம், திருமுழுக்கு யோவான் ஏரோதிடம். பவுல் அந்தியோக்கியாவில் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தாரே என்று கேட்பீர்கள். யூதரல்லாதாரோடு உண்ட பந்தியிலிருந்து பேதுரு விலகியதும் எல்லார் கண்ணெதிரேதான். பவுலின் தோழர் பர்னபாகூட அவர் பின்னால் போய்விட்டார். குற்றம் வெளியில் நடந்து, அதைப் பார்த்து மற்றவர் கெட்டதால் கண்டிப்பும் வெளியில் வந்தது. பேதுரு பதில் சொல்ல முடியாத ஆளும் இல்லை. (இந்தக் காட்சி விவிலிய அறிஞர் புனித எரோணிமுக்கு அவ்வளவு சங்கடம். இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்தது என்று விளக்கம் எழுதினார். அகுஸ்தினார் ஒப்புக்கொள்ளவில்லை.)

உங்கள் மாவட்டத்திலேயே ஓரியூர் இருக்கிறது. சேசுசபைக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டதற்கு உடனடிக் காரணம் ஒரு கண்டிப்புதான். திருமுழுக்குக் கேட்டு வந்த மறவர் தலைவர் தடியத்தேவருக்குப் பல மனைவியர். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் சீமை அரசர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அருளானந்தர் இதை மேடை போட்டு மறவர் சீமைக்கு அறிவிக்கவில்லை; சம்பந்தப்பட்டவரிடம் சொன்னார், விலையையும் தானே கொடுத்தார். உங்கள் ஊரில் விலை கொடுத்தது பிரசங்கியார் இல்லை, புதுநன்மைக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை.

இனி கடல் அட்டைக்கு வருவோம். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கும்வரை அது இந்தக் கரையில் சட்டப்படியான தொழில். முன்வரிசையில் உட்காரும் பெரியவர்கள் பலர் அதில் நேர்மையாகப் பிழைத்தவர்களாக இருப்பார்கள். எதிர்க்கரையில், இலங்கையில், இன்றைக்கும் உரிமம் வாங்கிக்கொண்டு பிடிக்கலாம். அதனால் “பாவம்” என்று ஒரே சொல்லில் அடித்தால் கேட்பவன் மனசுக்குள் சிரிப்பான். சட்டத்தை மீறுவது தவறா, கடலடியைத் துடைத்து எடுப்பது தவறா, ஆபத்தில் கூலிக்கு ஆள் இறக்கிவிட்டு முதலாளி கரையில் நிற்பது தவறா? மூன்றும் தவறுதான், ஆனால் ஆள் வேறு, கனம் வேறு. மூழ்கி எடுப்பவனுக்குக் கிடைப்பது கூலி. அவித்துக் காயவைத்துத் தோணி ஏற்றுபவனுக்குத்தான் லாபம். இரட்டைமடி, சுருக்குமடி வலைகள், கந்துவட்டி எல்லாவற்றிலும் கணக்கு இதுதான். இவற்றைப் பற்றிப் பேசப்போகும் சாமியார் முதலில் திருவிழா நன்கொடை நோட்டைப் புரட்ட வேண்டும். தேருக்கும் வாணவேடிக்கைக்கும் யார் காசு வந்தது? அந்தக் காசை வைத்துக்கொண்டு முக்குளிப்பவனைத் திட்டினால் ஊர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

பெயர் சொல்லாமல் அடையாளம் சொல்வதுதான் இதில் மோசமான வகை. பெயரைச் சொன்னாலாவது அந்த மனிதர் எழுந்து மறுக்கலாம். “மாடி கட்டினவர்கள்” என்றால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும், மறுத்தால் தானே ஒப்புக்கொண்டது போல ஆகும். பூசையில் யாரும் குறுக்கே பேசுவதில்லை என்பதை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிட முடிந்தால் அது மறையுரைக்கான பொருளே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியது. விசைப்படகு கடலுக்குப் போகாத நாளில், உபதேசியாரைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல்.

முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் நடந்தது இன்னும் சிக்கல். சாமியார் அங்கே கேட்டதைச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊர் அப்படி நினைக்காது. 1983 திருச்சபைச் சட்டத்தின் 984-ஆம் விதி, ரகசியம் வெளியாகும் ஆபத்தே இல்லாவிட்டாலும், அங்கே அறிந்ததை மனம்வருந்தி வந்தவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சின்ன ஊரில் சந்தேகம் ஒன்றே போதும், அடுத்த சனிக்கிழமை வரிசை காலியாகிவிடும். தவக்காலத் தியானத்துக்கு வெளியூர்ச் சாமியாரை அழைக்கும் பழக்கத்தில் இந்த வசதி உண்டு: அவருக்கு யார் வீடு எது என்று தெரியாது. கடுமையாகப் பேசிவிட்டுப் போகலாம், அவரிடமே பாவசங்கீர்த்தனமும் செய்யலாம்.

ஒலிபெருக்கி சின்ன விஷயமாகத் தெரியும். கோபுரக் குழாயில் போவதை வேற்று மதத்தாரும் ஏலக்கூடமும் கேட்கும். கண்டித்துப் பேசும் நாளில் வெளிக்குழாயை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ள ஆம்ப்ளிஃபயரில் ஒரு திருகு போதும். நேரமும் அப்படித்தான். மறையுரை 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று போப் பிரான்சிஸ் 2024-இல் சொன்னார். அதில் கண்டிப்புக்கு 2 நிமிடம் தாராளம், அதுவும் நடுவில். கடைசியில் வைத்தால் அடுத்த அரைமணியில் நன்மை வரிசையில் யார் எழுந்தார், யார் உட்கார்ந்தே இருந்தார் என்று ஊர் எண்ணிக்கொண்டிருக்கும். முடிவில் வர வேண்டியது வழி: யாரிடம் போய்ப் பேசலாம், கடன் அடைக்க என்ன ஏற்பாடு, வேறு தொழிலுக்கு யார் கைகொடுப்பார்.

எனக்கு உள்ள பெரிய பயம் ஊர்க்கமிட்டி. மத்தேயு 18-இல் படி மூன்று: தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபையில். கடற்கரை ஊர்களில் மூன்றாவது படியைக் கமிட்டி தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. பிரசங்கம் ஞாயிறு காலை, அபராதம் ஞாயிறு சாயங்காலம், அதற்கும் மசியாவிட்டால் ஊர்விலக்கு. சாமியார் மனசில் இல்லாத தண்டனைக்கு அவர் பேச்சே தீர்ப்பாகிவிடும். உங்கள் ஊரில் இது இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் தடுக்க வேண்டியது அதைத்தான். பங்குப்பேரவையில் யாராவது நிதானமானவர் இருந்தால் இன்றைக்கே அவர் காதில் போடுங்கள்.

மனுவில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அதே மத்தேயு 18 சாமியாருக்கும் பொருந்தும். முதலில் நீங்களோ அண்ணனோ தனியாகப் பங்கு இல்லத்துக்குப் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் பேரவையிலிருந்து இரண்டு பேர். அப்புறம் பல பங்குகளை மேற்பார்க்கும் மறைவட்ட அதிபர். சிவகங்கை ஆயர் இல்லம் அதற்கும் பிறகு. முதல் பேச்சில் இரண்டே கோரிக்கை வையுங்கள். ஒன்று, அவர் அந்த வீட்டுக்குத் தாமே போக வேண்டும், கமிட்டி ஆட்கள் இல்லாமல். இரண்டு, பிள்ளையின் புதுநன்மைக்கு இதை நிபந்தனை ஆக்கக் கூடாது. மறைக்கல்வி வகுப்பில் பெயர் அப்படியே இருக்க வேண்டும். அவர் வருத்தம் தெரிவிக்க விரும்பினால், அந்த வீட்டார் சம்மதித்தால் மட்டும், பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் ஒரே வாக்கியம் சொல்லலாம். அட்டை, மாடி என்று எதையும் திரும்ப எடுக்காமல்.