நீந்தினால் கால் தேறுமா? குதிரை மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் ஆறு வயது ரேஸ் குதிரைக்கு முன்னங்காலில் தசைநாண் கிழிந்து மூன்று மாதம் ஆகிறது. கையில் பிடித்து நடத்துங்கள், அது போதும் என்கிறார் மருத்துவர். தினமும் நீந்தவிட்டால் இரண்டு மாதம் முன்னதாகவே ஓட்டத்துக்குத் தயாராகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். யார் பேச்சைக் கேட்பது, டாக்டர்?

பதில்: உங்கள் மருத்துவர் பேச்சை. பயிற்சியாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எனக்குப் பயமே அந்தப் பாதியைப் பற்றித்தான்.

சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை துடிக்கும். நீந்தும்போது 150, 180 என்று ஏறிவிடும். சில குதிரைகளுக்கு 200கூடத் தொடும். குளம்பு தரையில் படாமலே இதயத்துக்கும் தசைக்கும் இவ்வளவு வேலை கிடைக்கிறது. சரி, கால்? கிழிந்த தசைநாண் ஆறும்போது முதலில் உருவாகும் இழைகள் தாறுமாறாகத்தான் கிடக்கும். காலில் அளவோடு விழும் சுமைதான் அவற்றை நீளவாக்கில் ஒழுங்குபடுத்துகிறது. நீங்கள் அலுத்துக்கொண்டே செய்யும் அந்த நடை அந்தச் சுமையைத் தருகிறது; தண்ணீர் அதை எடுத்துவிடுகிறது. எலும்பும் இப்படித்தான், தரையில் மிதித்தால்தான் உறுதிப்படும்.

தசைநாண் நன்றாகத் தேற ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும். நீச்சல் அந்தக் கணக்கைக் குறைப்பதில்லை. குதிரைக்குத் தெம்பு வந்துவிடும், காலுக்கு வந்திருக்காது. தெம்பு வந்த குதிரை பாயத்தான் பார்க்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரைக்கு மூன்றாம் மாதமே நீச்சலுக்குச் சம்மதித்தேன். ஒரு மாதத்தில் மேனி பளபளத்தது, நொண்டல் இல்லை, லாயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்கேன் எடுக்காமல் ஓடவிட்டோம். முதல் நாள் ஓட்டத்திலேயே அதே இடத்தில் மறுபடி கிழிந்தது. அப்புறம் அவள் பந்தயத்தில் ஓடவே இல்லை. அதற்குப் பிறகு ஸ்கேனில் இழைகளைப் பார்க்காமல் நான் யாருக்கும் நாள் குறித்துக் கொடுத்ததில்லை.

ஸ்கேன் பார்த்து உங்கள் மருத்துவர் அனுமதித்தால் தாராளமாக நீந்தவிடுங்கள், நடையை மட்டும் நிறுத்தாதீர்கள். முதல் நாள் ஒரே சுற்று, ஒன்றிரண்டு நிமிடம் போதும். இரண்டு பக்கமும் ஆள் கயிறு பிடித்து வர வேண்டும், தலையைக் கீழே இழுக்கவே கூடாது. உங்கள் கண் காலில் அல்ல, மூக்கில் இருக்கட்டும். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று தாளம் தானாக அமையும். தண்ணீரில் அந்தத் தாளம் கிடையாது. நெஞ்சை நீர் அழுத்த, குதிரை மூச்சை அடக்கிவைத்துப் பிறகு 'புர்' என்று பலமாக விடும். அந்தச் சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று காது கொடுங்கள். தடுமாறினால், மூக்கு நீர்மட்டத்துக்குத் தாழ்ந்தால், உடனே கரையேற்றுங்கள். ஓட்டத்தில் மூக்கில் ரத்தம் வந்த குதிரைக்கு நீச்சலே வேண்டாம், நீந்தும்போதும் நுரையீரலில் ரத்தம் கசியலாம்.

கரையேறிப் பத்து நிமிடம் கழித்தும் துடிப்பு 60-க்குக் கீழே வராவிட்டால் அன்றைய வேலை அதிகம் என்று நான் எடுத்துக்கொள்வேன். தினமும் ஊறினால் குளம்பு மெத்தென்றாகி லாட ஆணி தளரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் குதிரைக்கு முதுகு வலி. நீச்சல் உதவுமா?

பதில்: பெரும்பாலும் கெடுக்கும். நீந்தும் குதிரையைப் பக்கவாட்டில் பாருங்கள். தலை மேலே, முதுகு கீழே குழிந்து, பின்னங்கால்கள் பலமாக உதைத்துக்கொண்டிருக்கும். வலிக்கிற முதுகுக்கு அது தண்டனை. இடுப்பு மூட்டு, பின்னங்கால் மேல்மூட்டுக் கோளாறுக்கும் இதே பதில்தான். தண்ணீருக்குள் நடக்கும் டிரெட்மில் கிடைத்தால் அதைக் கேளுங்கள். இடுப்பெலும்பு உயரத்துக்கு நீர் நின்றால் கால்மீது விழும் எடை சுமார் 75 சதவீதம் குறையும். நீரை இறக்க இறக்கச் சுமை கூடும். குளம்பு தரையிலேயே இருக்கும், எவ்வளவு சுமை என்பதும் நம் கையில் இருக்கும்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்த குதிரையைத் தண்ணீரில் வைத்து எழுப்புவார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. 1975-ல் அமெரிக்காவில் ரஃபியன் என்ற பெண்குதிரை பந்தயத்தில் முன்னங்கால் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டது. மயக்கம் தெளியும்போது இன்னும் ஓடுவதாக நினைத்ததோ என்னவோ, உதறி உதறிக் காலை மறுபடி நாசமாக்கிக்கொண்டது. கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. 2006-ல் பார்பரோ என்ற குதிரைக்கு வலது பின்னங்கால் நொறுங்கியபோது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் அறுவை செய்து, ரப்பர் படகில் கிடத்தி வெதுவெதுப்பான குளத்தில் இறக்கினார்கள். படகில் நான்கு கால்களுக்கும் உறை உண்டு. உதறினாலும் கால் எதிலும் மோதாது. முழுதாக விழித்த பிறகுதான் தூக்கி லாயத்துக்குக் கொண்டுபோனார்கள். குளம்பு அழற்சி வந்து 2007 ஜனவரியில் பார்பரோ போய்விட்டது. ஆனாலும் அன்று அது அந்தத் தண்ணீரில் காலை உடைத்துக்கொள்ளாமல் கண் விழித்தது.